குடையோடு துரத்தியவன்

முதலில் அஞ்சலீனா பார்த்தது அவன் கண்களை அல்ல; கழுத்தில் தொங்கிய அட்டையை.

நீல நாடா, பிளாஸ்டிக் உறை, குடிவரவு அதிகாரிகள் போடுவது போல... மிச்சம் நகர டிராமில் எதிரே நின்றவன் தன்னையே பார்க்கிறான் என்று தெரிந்ததும் அவள் கதவோரம் நகர்ந்தாள். அகதிக் கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை. இருந்தும் மீன்கடையின் பின்னறையில் மீன் வெட்டுகிறாள். பிடிபட்டால்... வழக்கே கவிழ்ந்துவிடும்.

இறங்கினாள். அவனும் இறங்கினான்.

"தங்கச்சி... ஒருக்கா நில்லுங்கோ."

பிடிக்கவும் எங்கட ஆளையே அனுப்புகிறார்களா? கொட்டும் மழையில் ஓடினாள். தேவாலய மண்டபத்தில் அகதிகளின் வேலை உரிமை மசோதா பற்றிய கூட்டம். அவள் வந்ததே அதற்குத்தான். பின்வரிசையில் ஒடுங்கினாள்.

சொட்டச் சொட்ட வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன், ஒரு குடையை நீட்டினான். அவளுடையது.

"டிராமில விட்டிட்டு இறங்கினனீங்கள். ஏன் ஓடினனீங்கள்?"

"நனையாம விரிச்சுக்கொண்டு வந்திருக்கலாமே?" என்றாள்.

"ரோசாப்பூக் குடை... ஊர் சிரிக்கும்."

மழைத்துளி தங்கிய இமைகள். சிரிக்கும் கண்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது... அட்டை கண்ணில் படும்வரை.

"அட்டை போட்ட ஆக்களோட நான் கதைக்கிறேல்லை."

மேடையில் சங்கத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை தானே வாங்கிய பொன்னாடையைப் போர்த்திக்கொண்டிருந்தார். மசோதா பாராளுமன்றத்தில் முதல் படியைக்கூடத் தாண்டவில்லை, பொன்னாடை தாண்டிவிட்டது.

"பாதிக்கப்பட்ட ஒராள் மேடைக்கு வரவேணும். பேஸ்புக்கில லைவ் போகுது. உந்தா, எங்கட மீன்கடைப் பிள்ளை... வாரும் பிள்ளை, கூச்சப்படாதையும்."

அவள் வெட்டும் விளைமீனை ஞாயிறு தவறாமல் தின்கிற மனிதர். கமரா திரும்பத் தொடங்கியது. அவள் விரல்கள் மடு மாதா பதக்கத்தை இறுக்கின.

அருகில் கதிரை கிறீச்சிட்டது. ரோசாப்பூக் குடை அவள் முகத்துக்கு முன்னால் மலர்ந்தது.

"நான் வாறன் ஐயா. என்ர பெயர் ஜெஸ்ரின். எனக்கும் வேலை செய்ய உரிமை இல்லை."

தலைவரின் முகம் சுருங்கியது. படத்துக்குப் பெண்பிள்ளைதான் எடுப்பாம்.

கூட்டம் முடிந்து டிராம் தரிப்பில், ஒரே குடைக்குள் இருவரும்.

"அப்ப உந்த அட்டை?"

திருப்பிக் காட்டினான். நூலக அட்டை.

"இது தொங்கினா ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்க மாட்டினம். நானும் களவாத்தான் பேக்கரியில பாண் போடுறன். பயத்தில போட்டது."

"அதைப் பாத்துத்தான் நான் பயந்தனான்."

பொலிஸ் வண்டி ஒன்று மெல்லக் கடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினார்கள். அது மறைந்த பிறகுதான் கவனித்தாள்... தன் கை அவன் கைக்குள்.

"உங்களைக் கன நாளா டிராமில பாக்கிறன்," என்றான். "கதைக்கப் பயம். முகம் லைவில போயிட்டுது, இனி அதுவும் பயம். ஆனா நாளைக்கு நீங்கள் வேற டிராமில ஏறிடுவீங்களோ எண்டதுதான் பெரிய பயம்."

டிராம் வந்து நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

"எனக்கும் ஒரு நூலக அட்டை எடுத்துத் தாறீங்களோ?"