சூடு ஆறாத அச்சு

அக்காவின் அச்சு சூடாக இருந்தது.

மாலை நாலரை மணி. ஐந்து மணிக்குக் கண்காட்சிக்கான வேன் வந்துவிடும். பதின்மூன்று அச்சுகளைப் பழைய போர்வைகளில் சுற்றிப் பெட்டிகளில் வைத்து ஆணியும் அடித்தாகிவிட்டது. சுவரில் மிச்சமிருந்த பதினான்காவதைத் தூக்கப் போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவரில் வெயில் படாது. படாது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவளே அதை அங்கே மாட்டியிருந்தாள்.

அவள் பெண்களின் உடம்பை அச்செடுக்கும் கலைஞர். கழுத்திலிருந்து இடுப்பு வரை, முன்பக்கம் மட்டும். தோலில் வாசலின் தடவி, எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து நனைத்து ஒட்டி, இருபது நிமிடம் பொறுத்துக் கழற்றினால் வெள்ளையாக ஓர் ஓடு கையோடு வரும். முதுகுப்பக்கம் வெறும் திறப்பு. பெட்டிகளுக்குள் ஒரு நர்ஸ் இருந்தாள், மூன்று பிள்ளை பெற்ற வயிற்றோடு. ஊரே பையன் என்று சொன்னதை நம்ப மறுத்து, நாற்பது வயதில் பெண்ணாகத் தலைநிமிர்ந்த தையல்காரி இருந்தாள். தன் அச்சைப் பார்த்துவிட்டு, "இதைத்தானே சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டிருந்தேன்" என்று அழுதவள். மாவுக்கட்டு இறுகும்போது ஒரே ஒரு முறை சூடாகும். யாரோ அணைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆறினால் ஆறினதுதான், அப்புறம் அது சுவர் மாதிரி. அக்காவின் அச்சுக்கு ஒன்பது மாதம் ஆகிறது.

துணியால் பிடித்து அதைக் கழற்றிப் பெட்டிக்குள் இறக்கினாள். இறங்கவில்லை. தச்சர் அளவெடுத்துச் செய்த பெட்டி. போன வாரம் வைத்துப் பார்த்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது நெஞ்சுப் பகுதி இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு மூடியை மூட விடாமல் நின்றது. புரட்டிப் பார்த்தாள். உட்புறம் ஈரமாக இருந்தது. வாசலின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, வியர்வையும் பவுடரும் கலந்தது, சிறு வயதில் ஒரே போர்வைக்குள் தூங்கிய காலத்திலிருந்து அவள் மூக்குக்குப் பழகியது. அதை மறுபடி சுவரிலேயே மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயதானபோது வீட்டில் சொன்னார்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்காதே என்று. சொன்ன பேச்சைத் தட்டாதவள். அன்றைக்குக் குறுக்கிய தோளை நாற்பத்தாறு வயது வரை நிமிர்த்தவில்லை. அதைப் பார்த்து வளர்ந்த ஆத்திரத்தில்தான் தங்கை இந்த வேலைக்கே வந்தாள். ஒரு மார்பை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி, அறுவை சிகிச்சைக்கு முதல் நாள், அக்கா தானாகவே இந்த அறைக்கு வந்து நின்றாள்.

"அவங்க எடுக்கறதுக்கு முன்னாடி நீ ஒருவாட்டி எடுத்து வச்சுக்கோ."

அச்செடுக்கும்போது மேலோட்டமாக மூச்சு விடச் சொல்ல வேண்டும். நெஞ்சை நிரப்பிப் பிடிக்கவைக்கவே கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் கற்பது அது. அவளுக்கு அன்றைக்குப் பேராசை. அக்காவை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்துவிட வேண்டும்.

"நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோக்கா. முடியலன்னா மேலாக்க ஒரு வாய் எடுத்துட்டு மறுபடி பிடி. நான் சொல்றப்போ விட்டா போதும்."

"என் கல்யாண போட்டோவுக்குக்கூட நான் இப்படி நின்னதில்லடி," என்றாள் அக்கா. ஆனாலும் நின்றாள். எவ்வளவு அழகாக நின்றாள்.

மாவு இறுகிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கண்காட்சி நடத்தும் பெண்மணி. விளக்கை எந்தப் பக்கமிருந்து போடலாம் என்று ஆரம்பித்த பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று. "விடட்டுமா?" என்றாள் அக்கா பின்னாலிருந்து. அவள் திரும்பாமலே கையைக் காட்டினாள். "இரு அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்." மறுபடியும் கேட்டாள். மறுபடியும் கை. போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அக்கா உதடு நீலம் பாரித்து நாற்காலியில் சரிந்திருந்தாள். அச்சு தானாகக் கழன்று மடியில் கிடந்தது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். விட்டுவிடு என்று தங்கை கடைசிவரை சொல்லவில்லை.

நோய் நுரையீரலுக்குப் போனது. அக்காவைப் பார்க்க அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேலை இருந்தது, அதைவிடப் பயம் இருந்தது. உடம்பைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவளுக்கு அக்காவின் தையல் போட்ட நெஞ்சைப் பார்க்கத் தெம்பில்லை. எல்லாம் முடிந்த பிறகு அக்காவின் கணவர் தொலைபேசியில் கேட்டார்.

"கடைசி ரெண்டு நாளும் 'விடட்டுமா, விடட்டுமா'ன்னு கேட்டுட்டே இருந்தாம்மா. மூச்சு முட்டுது, ஆனாலும் கேக்கறா. யாரைக் கேட்டான்னே எங்களுக்குப் புரியல. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியல மாமா," என்றாள்.

இப்போது அறைக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மின்விசிறி நின்றிருந்தது. பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தமும் தெருவில் போகும் வண்டிகளின் சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கி, மிச்சமிருந்த அமைதிக்குள் ஒரு சிறிய ஓசை கேட்டது. சூடான டீயை நுனி உதட்டால் உறிஞ்சுகிற மாதிரி, ஒரே ஒரு வாய்க் காற்று உள்ளே போகிற ஓசை.

வெளியே வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுபடியும் ஒரு வாய். உள்ளே. உள்ளே மட்டும்.

தன் மூச்சாக இருக்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கையும். இன்னொரு வாய் கேட்டது. சுவரில் அக்காவின் நெஞ்சு உயர்ந்தது. கழுத்தோரம் மாவு மெல்ல வெடித்து ஒரு பொருக்கு உதிர்ந்தது.

வாசலில் ஹாரன் அடித்தது. கதவைத் தட்டினார்கள். வேன்காரர்.

"மேடம், பெட்டியெல்லாம் ஏத்திடலாமா?"

எழுந்து போனாள். ஓடத்தான் நினைத்தாள், கால் அக்காவிடம் போயிற்று. பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது. அச்சை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு சேர்த்தாள். கொதித்தது. விடவில்லை. அணைத்துக்கொண்டாள். பின்பக்கம் திறப்பு. காலியாகத்தான் இருக்க வேண்டும். அவள் விரல்கள் உள்ளே போகவில்லை.

முதுகு இருந்தது.

வியர்த்த, எலும்பு துருத்திய முதுகு. முதுகெலும்பின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. பிடித்துவைத்த மூச்சில் அது உதறிக்கொண்டிருந்தது.

"விடட்டுமா?"

காதுக்குப் பக்கத்தில். களைத்துப்போன குரல். சொல்பேச்சுத் தட்டாத குரல்.

ஒரு வார்த்தை போதும். அவளுக்குத் தெரியும். சொன்னால் இந்த முதுகு இருக்காது. இந்தச் சூடு இருக்காது. இன்னொரு தடவை அக்கா வர மாட்டாள்.

கதவு மறுபடி தட்டப்பட்டது.

"இரு அக்கா," என்றாள் அழுதுகொண்டே. "இன்னும் கொஞ்ச நேரம்."

அவள் விரல்களுக்கு அடியில் அந்த முதுகு நடுநடுங்கி, சொன்னபடியே, இன்னும் ஒரு வாய்க் காற்றை உள்ளே இழுத்தது.