தொண்ணூறாம் நாள் எலிகள்

வேதாரண்யம் ரேஷன் கடையில் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. ஆளுக்கு மாதம் நான்கு கிலோ தவிட்டரிசி, திறவி என்ற நொதிக் கரைசல் ஒரு குப்பி. ஊறவைத்த அரிசியில் நான்கு சொட்டு விட்டு அரைமணி நேரம் மூடிவைத்தால் போதும். தவிட்டின் செல்சுவர்களைக் கட்டி நிறுத்தும் நார்ச்சங்கிலிகளை அந்த நொதி துண்டு துண்டாக வெட்டிவிடும். செரிக்காமல் வெளியேறிக்கொண்டிருந்த நாரெல்லாம் சர்க்கரையாகி உடம்பில் சேரும். பாதி வயல்களில் கடல்நீர் புகுந்த பிறகும் ஆறு வருடங்களாக யாரும் பட்டினி கிடக்கவில்லை என்றால் அந்தக் குப்பிதான் காரணம்.

அதை உருவாக்கிய நிறைமதி அன்று கடையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். லாரி ஓட்டுநர் சவரிராஜ் அங்கே படுத்திருந்தார். திறவியின் முதல் சோதனைக்குத் தானாக முன்வந்த பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர்.

சவரிராஜ் விழுங்கிய குடல்நோக்கி மாத்திரைக் கேமரா அனுப்பிய படத்தை டாக்டர் காட்டினார். "உள்ள சளிப்படலமே இல்ல மேடம். குடல் பூரா புண்ணு. இந்த மாசம் இவரு ஒன்பதாவது ஆளு. ஏன்னுதான் தெரியல."

நிறைமதிக்குத் தெரியும். நாம் செரிக்காமல் விட்ட நாரைத் தின்றுதான் குடலின் கிருமிகள் வாழ்ந்தன. திறவி வந்தபின் அவற்றுக்கு எதுவும் மிஞ்சவில்லை. பசித்த கிருமிகள் குடல் சுவரை மூடியிருந்த சளியைத் தின்னத் தொடங்கின.

மனிதர்களுக்குக் கொடுக்கும் முன்பே எலிகளில் அவள் அதைப் பார்த்திருந்தாள். அறுபதாம் நாள் வரை எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. தொண்ணூறாம் நாள் இருபதில் ஏழுக்குப் படலம் மெலிந்திருந்தது. அந்த வாரம் நிவாரண முகாமில் பசியால் பதினோரு பேர் இறந்திருந்தார்கள். அவள் அறிக்கையை அறுபதாம் நாளோடு முடித்துவிட்டாள்.

டாக்டர் வெளியே போனதும் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"வாங்க மேடம்," என்றார் சவரிராஜ். "நீங்களே பாக்க வருவீங்கன்னு நினைக்கல. எம்புள்ளைங்க ரெண்டும் இன்னிக்கு உசுரோட இருக்குன்னா அது உங்களாலதான்."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே." எலிகளைப் பற்றிச் சொன்னாள். இன்னொன்றையும் சொன்னாள். அவள் வீட்டுச் சோற்றில் ஒருநாளும் திறவி விழுந்ததில்லை. கொல்லிமலையிலிருந்து மூட்டை மூட்டையாகத் தினை வரவழைத்துத் தானும் ஒன்பது வயது மகளும் சாப்பிட்டு வந்தார்கள்.

சவரிராஜ் கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார். "சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். புள்ளைங்க பசின்னு அழுதுகிட்டு இருந்துச்சு. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்று மாலையே முழு ஆய்வையும் வெளியிட்டாள். வேலை போனது, வழக்கு வந்தது. ஆனால் திறவியை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் குடல் ஆறும். ஆனால் ஆளுக்கு எட்டு கிலோ அரிசி வேண்டும். அவ்வளவு எந்தக் கிடங்கிலும் இல்லை. கடைசியில் அரசு ஒரு படிவம் அச்சடித்தது. ஆபத்தை அறிந்தே வாங்குகிறேன் என்று கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும் குப்பி. விவரத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்ல நீதிமன்றம் நிறைமதியையே அதே கடை வாசலுக்கு அனுப்பியது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எலிகளை, படலத்தை, தினையை. கூட்டத்தில் ஒருவர் தன் கையிலிருந்த போன மாதக் குப்பியை அவள் காலடியில் வீசிவிட்டுப் போனார். அது உடையாமல் மணலில் உருண்டது. பின்னால் நின்ற ஒரு பெண் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வரிசை கலையவில்லை.

முதலில் வந்தவள் பர்வீன். உப்பளத்தில் கூலி வேலை. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

"குடலு எத்தன வருசம் தாங்கும்?"

"ஆறு, ஏழு. சில பேருக்குப் பத்து."

பர்வீன் தன் படிவத்தில் சட்டென்று கையெழுத்துப் போட்டாள். நிறைமதி இரண்டாவது தாளை நீட்டினாள்.

"இது யாருக்கு?"

"பாப்பாவுக்கு. அவளுக்கும் நீங்கதான் போடணும்."

பர்வீன் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். குழந்தை அந்தத் தாளைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நிமிர்ந்து நிறைமதியைப் பார்த்தாள்.

"இத எப்பிடி மேடம் ஆறு வருசம் மனசுக்குள்ள வச்சிக்கிட்டு இருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.