ஒரே ராத்திரியில் வற்றிய அணை

காலை ஏழரை. ஆயர் ஈத்தாம் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பழைய மண் அணையில் தண்ணீரைக் காணோம். நேற்று மாலை கரை முட்ட நின்றது ஒரே ராத்திரியில் போயே போய்விட்டது. மிச்சம் வெறும் சேறு.

கரைமேல் ரூபேந்திரன் வெள்ளைத் தொப்பியோடு பிரசங்கம் செய்துகொண்டிருந்தான். அணையைப் பழுது பார்த்தால் போதுமா, இடித்துப் புதிதாகக் கட்டவேண்டுமா என்று சோதித்துச் சொல்ல வந்த ஆலோசகன். சோதிக்காமலேயே இடிக்கத்தான் வேண்டும் என்று தீர்மானித்தவன். கட்டப்போவது அவன் மச்சானாயிற்றே!

"அறுபது வருசத்துக் கரை சார். தண்ணி பூரா கரைக்குள்ளயே கசிஞ்சு ஓடிருச்சு. இனி ஒட்டுப்போட்டு என்னா லா பிரயோசனம்?"

இலாகா அதிகாரி மோகனதாஸ் தலையாட்டினார். தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கும் மனுசர். பத்து மணிக்கு இடிக்கும் உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. புது அணை எழும்பும்வரை, கீழே காய்கறி போட்டிருக்கும் குடும்பங்களுக்கு வருசக்கணக்கில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அவர்களுக்காகப் பேச வந்திருந்தாள் வசந்தினி. வடிகால் வேலையில் ஓய்வு பெற்ற இன்ஜினியர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. ரூபேந்திரன் பேசப் பேச அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீழே இறங்கிப் போனாள். மூழ்கிய கத்தரிப் பாத்தியில் புஷ்பவள்ளி மீன்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நாத்து பூரா போச்சுக்கா. இந்தத் திலாப்பியாதான் மிச்சம். கையகலம் இருக்கு, எல்லாம் அணையில வளர்ந்தது."

"நேத்து அணையைக் கடைசியா எப்பப் பாத்த?"

"ஏழு மணிக்கு, பம்பை நிறுத்தையில. தண்ணி நிறைய நின்னுச்சு. மேல பேசுறானே, அவனோட மிதவை நடுவுல ஆடிக்கிட்டு இருந்துச்சு."

வசந்தினி மேலே வந்தாள். ஆழம் அளக்கும் கருவி பொருத்திய அந்த மிதவை, தார்ப்பாய் போர்த்திக் கரைமேல் புல்லில் கிடந்தது. அதைக் கரையோடு பிணைத்த சங்கிலியில் நம்பர் பூட்டு உடையாமல் திறந்திருந்தது. கரையின் உள்பக்கச் சேற்றில் ஒரு தடம்கூட இல்லை.

"ரூபேந்திரன், நேத்து எப்பக் கிளம்புனீங்க?"

"ஆறு மணிக்கே. பத்து பாகாட் டவுன்ல ஒரு ஹோட்டல்ல தங்கிட்டேன். காலையில கனகராஜ் போன் பண்ணித்தான் வந்தேன்."

கனகராஜ் அணைக்கு ஜாகா பார்க்கிற காவலாளி. ஓரமாகக் கைகட்டி நின்றார்.

"தண்ணி கரைக்குள்ள கசிஞ்சதுன்னா, கையகல மீனும் மண்ணுக்குள்ள கசிஞ்சு போச்சாக்கும்?"

மோகனதாஸின் தலை ஆடுவதை நிறுத்தியது.

"மீன் வெளிய போகணும்னா அணைக்கு அடியில இருக்கிற குழாய் வழியாத்தான் போகும். ராத்திரி யாரோ வால்வைத் திறந்து விட்டுட்டு, அப்புறம் மூடியிருக்காங்க."

"அப்ப இவன்தான்!" ரூபேந்திரன் கனகராஜைக் கைகாட்டினான். "வால்வு அறை சாவி இவன்கிட்டதானே! போலீசைக் கூப்பிடுங்க சார்!"

"சத்தியமா நான் இல்லம்மா," என்றார் கனகராஜ்.

"சோதனைக்குன்னு வாங்குன இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்குல்ல, ரூபேந்திரன்?"

"அது ஹோட்டல்ல இருக்கு."

"சரி, இந்த மிதவை எப்படிக் கரை ஏறுச்சு?"

ரூபேந்திரன் மிதவையைத் திரும்பிப் பார்த்தான். "நான்தான்... சாயங்காலமே..."

"ஏழு மணிக்கு அது நடுத்தண்ணியில இருந்துச்சு. புஷ்பவள்ளி பாத்திருக்கா. நீங்கதான் ஆறுக்கே போயிட்டீங்களே! தண்ணி வத்தின பிறகு இழுத்திருந்தா சேத்துல தடம் இருக்கும். இல்ல. அப்ப ஏழு மணிக்கு மேல, தண்ணி நிறைய இருக்கையிலேயே யாரோ பூட்டைத் திறந்து இதைக் கரை சேர்த்திருக்காங்க. தண்ணி போகப்போகுதுன்னு தெரிஞ்சவன். பூட்டு நம்பர் தெரிஞ்சவன். ஊர்த் தோட்டம் நாசமாப் போனாலும் தன் சாமான்ல சேறு படக்கூடாதுன்னு நினைச்ச அற்பன். நீதான்டா அது!"

ரூபேந்திரன் வெளிறிப்போய்த் தொப்பியைக் கழற்றினான். கனகராஜ் அவன் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"அலமாக்!" மோகனதாஸ் போலீசுக்குப் போன் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆனா கரை பழசுதானே மேடம்? இடிக்கிறதா, ஒட்டுறதா?"

"தண்ணி சடார்னு இறங்குனா, கெட்டுப்போன மண் கரை உள்பக்கமா சரிஞ்சு விழும். அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. பாருங்க, ஒரு பிடி மண் உதிரல. கசிவை அடைச்சாப் போதும், இடிக்க வேணாம். பழுது பாக்கக் கையெழுத்தைப் போடுங்க." வசந்தினி ரூபேந்திரனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த ஆள் ஒழுங்கா செஞ்ச ஒரே சோதனை இதுதான்."