வேரில்லாத முடி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தையல்காரி, பதினான்கு வருடம் கழித்து அவள் தம்பியாகத் திரும்பி வந்தவன், இறந்துபோன அவள் அம்மாவின் ஒரே அக்கா, காணாமல்போனவர்களைத் தேடும் பிரிவின் அதிகாரி, அவருடைய ஆய்வக உதவியாளர்.

தையல்காரி ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள். இவன் அவனேதானா? ஆமென்றால் தம்பியைத் தேடும் கோப்பை மூடிவிடுவார்கள். தேடல் நின்றுவிடும்.

"சந்தேகமே வேண்டாம் சார்," என்றார் உதவியாளர். "ரெண்டு பேருக்கும் தாய்வழி டி.என்.ஏ. ஒண்ணுதான். அதுவும் அபூர்வ வகை. நம்ம பட்டியல்ல எட்டாயிரம் பேர்ல ஒருத்தருக்கும் கிடையாது."

"டெஸ்டே எதுக்கு?" என்றாள் தையல்காரி. "வந்த அன்னிக்கே நேரா பின்னால சமையலறைக்குப் போய்த் தண்ணி மொண்டு குடிச்சான். வீட்டை மறக்கலை." ஒன்பது நாளாக அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். தாடை வலித்திருக்கும்.

அதிகாரி தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். வெள்ளையடிப்பை மீறிக் கரி தெரிந்தது.

"முன்னாடி அடுப்பு இங்கதான் இருந்ததா?"

"ஆமா. ஆறு வருஷம் முன்னாடிதான் பின்னால மாத்தினேன்."

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. தம்பி போய்ப் பதினான்கு வருடம்.

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். "கணக்கு சரிம்மா. ஆள்தான் தப்பு. ஊசின்னா பயம்னு இவர் முடியை வெட்டிக் கொடுத்தார். வேர் இல்லாத முடியில தாய்வழி மட்டும்தான் தெரியும். அது ஒரே அம்மா பிள்ளைங்களுக்கும் ஒண்ணுதான், அந்த அம்மாவோட அக்கா பிள்ளைக்கும் ஒண்ணுதான்."

"பெரியம்மாவுக்குப் பிள்ளையே இல்லையே சார்," என்றாள் தையல்காரி.

பெரியம்மா தன் கைகளைப் பார்த்தபடி பேசினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்தான். பத்தாம் நாள் கொடுத்துட்டேன். போன மாசம் தேடிக்கிட்டு வந்தான். எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. இங்க இருந்தா வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கலாமேன்னு, வீட்டைப் பத்தி எல்லாம் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்."

வந்தவன் தலை குனிந்திருந்தான்.

"பெரியம்மா பிள்ளையும் தம்பிதானே," என்றாள் தையல்காரி. "நேராவே சொல்லியிருக்கலாம்." பிறகு அதிகாரியிடம், "கோப்பை மூடாதீங்க சார். என் தம்பி இன்னும் வரலை."

அதிகாரியும் உதவியாளரும் கிளம்பினார்கள். அவனும் பையை எடுத்தான்.

"நீ எங்க போறே? உட்காரு. இன்னும் சாப்பிடலை நீ."

அதைக் கேட்டுப் பெரியம்மாவும் உட்காரப் போனாள்.

"நீங்க கிளம்புங்க பெரியம்மா."

வாசலில் நின்று பெரியம்மா கேட்டாள்: "இனி எப்ப வரட்டும்?"

"சொல்லி அனுப்புறேன்."

அவள் படி இறங்கியதும், தையல்காரி கதவைச் சாத்திப் பூட்டினாள்.