தும்மல் இருக்கிற பாட்டு

சித்தி ரெக்கார்டிங் மாமாவுக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். பாட்டைப் பதிவு செய்த அறைக்கு வாடகை ஐயாயிரத்து நானூறு. மேளம் வாசித்தவருக்கு மாமா தன் கையிலிருந்து கொடுத்தது ஆயிரத்து ஐம்பது. மாமா அதை நீல அட்டை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"பாட்டு வித்ததும் குடுத்துடறேன் தம்பி," என்றாள் சித்தி.

"சீக்கிரம் குடுத்தா நல்லதுக்கா. நானும் இந்த ரூமுக்கு வாடகை கட்டணும்ல?"

சித்தி பாட்டுக்காரி இல்லை. சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் தைப்பவள். ஒரு நாளைக்கு எத்தனை பொத்தான் என்று கேட்டால், "எண்ணினா கை நின்னுடும்," என்பாள். எண்ணாமல் இருப்பதற்காகத்தான் பாட ஆரம்பித்தாள். தானே கட்டிய பாட்டு.

பொத்தானே பொத்தானே, எந்த ஊரு போற நீ?
யாரு நெஞ்சு மேல ஏறிச் சாஞ்சு தூங்கப் போற நீ?

கூட வேலை செய்பவர்கள் சும்மா விடவில்லை. "இதைப் பதிவு பண்ணுடி. ஆளுக்கு இருபது ரூபா குடுத்து நாங்க வாங்கிக்கறோம்," என்று அரித்தெடுத்தார்கள்.

பாட்டில் பொத்தான் பதில் சொல்லும் இடம் ஒன்று உண்டு. "போறேன் போறேன் தூரம் போறேன், போனதும் கடுதாசி போடுறேன்!" அதைப் பாடியவள் வாலு. அவள் அம்மா வெளியூரில் வேலை பார்த்ததால் வாலு சித்தியோடுதான் இருந்தாள். வயது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ரெக்கார்டிங் அறைச் சுவரெல்லாம் தடித்த பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரே தூசி. கடைசி முறை "கடுதாசி போடுறேன்" என்று இழுத்துப் பாடி முடிக்கவும், வாலுவுக்கு மூக்கு அரிக்கவும் சரியாக இருந்தது.

"அச்ச்ச்சூ!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு நேரம் அழகா பாடிட்டு, கடைசியில வேட்டு வெச்சுட்டியே! சரி, விடு. நான் அதை எடுத்துடறேன்."

அன்று சாயங்காலமே, சரிபார்ப்பதற்காக ஒரு பிரதியைச் சித்தியின் போனுக்கு அனுப்பினார். "இன்னும் சுத்தம் பண்ணலக்கா. நீங்க மட்டும் கேளுங்க. யாருக்கும் அனுப்பிடாதீங்க."

மறுநாள் உட்கார்ந்து தும்மலை எடுத்தார். பாட்டு பளிச்சென்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் சித்தி அதை விற்கப் போனாள். போன வேகத்திலேயே முகம் சுருங்கித் திரும்பி வந்தாள்.

"என்ன சித்தி?"

"எல்லார்கிட்டயும் ஏற்கெனவே இருக்காம். செல்போன் கடையில மெமரி கார்டுல ஏத்தித் தர்றானாம். அம்பது ரூபாய்க்கு நூறு பாட்டு. அந்த நூறுல என் பாட்டும் ஒண்ணு."

பாவம் பார்த்து இருபத்தைந்து பேர் வாங்கினார்கள். ஐந்நூறு ரூபாய். அவ்வளவுதான்.

பாட்டு மட்டும் ஊரெல்லாம் ஓடியது. காய்கறி வண்டியில் ஓடியது. பால் வேனில் ஓடியது. ஒரு வேன் பக்கத்தில் வந்தபோது முதல் வரி கேட்டதுமே சித்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நேராக ரெக்கார்டிங் மாமாவிடம் போனாள். வாலுவும் கூடவே ஓடினாள்.

"பாட்டு ரெண்டே இடத்துலதான் இருந்துச்சு தம்பி. என் போன்ல, உங்க ரூம்ல. நான் யாருக்கும் அனுப்பல."

"அப்போ நான் அனுப்பினேன்னு சொல்றீங்களா?"

"நான் வேற என்னன்னு சொல்றது?"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, இது வெளிய தெரிஞ்சா ஒருத்தர் இந்த ரூம் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. எனக்கு இந்த ஒரு தொழில்தான் தெரியும்."

எப்படித் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் வர இருந்த இரண்டு பாட்டுக் குழுவும் வரவில்லை. சித்தியும் பாடுவதை விட்டுவிட்டாள். வீட்டில் குக்கர் விசில் அடித்தது, குழாயில் தண்ணீர் வந்தது. சித்தியிடமிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

சித்தி மாமாவோடு சண்டை போட்ட ஒன்பதாம் நாள் வாலு முடி வெட்டிக்கொள்ளப் போனாள். சலூனில் அவளுக்கு முன்னால் ஒரு பொடியன் உட்கார்ந்திருந்தான். சலூன்காரரின் போனில் பொத்தான் பாட்டு.

"ஆடாம உக்காருடா. இப்போ வரும் பாரு, இப்போ வரும் பாரு," என்றார் சலூன்காரர்.

பொடியன் மூச்சை அடக்கிக்கொண்டு சிலைபோல உட்கார்ந்தான்.

"கடுதாசி போடுறேன்... அச்ச்ச்சூ!"

பொடியன் கெக்கெக்கே என்று சிரித்தான். வாலு சிரிக்கவில்லை.

தும்மல்! மாமா எடுத்துவிட்ட தும்மல் இதில் எப்படி வந்தது?

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்தச் சாயங்காலம் சித்தி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். வாலு சித்தியின் போனை எடுத்து, தன் தோழி நெட்டையின் அப்பா போனுக்குப் பாட்டை அனுப்பினாள். "நீ மட்டும் கேளு, என் குரல் வருது," என்று பேசியும் அனுப்பினாள். ஒரே ஒருத்திக்குத்தானே என்று அப்புறம் மறந்தே போனாள்.

முடி வெட்டாமலே எழுந்து நெட்டை வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பாவும் கேட்டாருடி. ரொம்பப் பிடிச்சுப் போச்சு," என்றாள் நெட்டை. "அவர் சிநேகிதங்க எல்லாருக்கும் அனுப்பினாரு. ஏன், அனுப்பக் கூடாதா?"

வாலு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாமாவின் செத்துப்போன முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

சித்தி தன் போனை எடுத்து, வாலு அனுப்பியதைத் தேடிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வாலுவுக்கு. கடைசியில் சித்தி எழுந்தாள். "செருப்பைப் போடு. வா."

ரெக்கார்டிங் அறையில் மாமா தனியாக உட்கார்ந்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"மாமா, நான்தான்," என்றாள் வாலு. "அந்தத் தும்மல் இருக்கிறதை நான்தான் நெட்டைக்கு அனுப்பினேன். உங்க ரூம்ல இருந்து போகல."

"என்னை மன்னிச்சிடுங்க தம்பி," என்றாள் சித்தி. "வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். "ஒரு நாள் பூரா உக்காந்து அந்தத் தும்மலை எடுத்தேன் தெரியுமா?" என்றார்.

பிறகு சொன்னார். "அக்கா, ஒருத்தர் பாட்டை அனுமதி இல்லாம பிரதி எடுத்து விக்கிறது குற்றம். ஜெயில் இருக்கு, அபராதம் இருக்கு. கடையில இருக்கிற கம்ப்யூட்டரையே அள்ளிட்டுப் போயிடுவாங்க. செல்போன் கடைக்காரன் மேல புகார் குடுத்துடலாம்."

வாலு மெல்லக் கேட்டாள். "என்னையும் ஜெயில்ல போடுவாங்களா?"

"நீ வித்தியா?"

"இல்ல."

"எதாவது வாங்கினியா?"

"நெட்டை ஒரு மிட்டாய் குடுத்தா."

"அப்போ இது மிட்டாய்க் கேசு. ஜட்ஜு சிரிச்சுடுவாரு," என்றார் மாமா. ஒன்பது நாளில் அன்றுதான் அவர் சிரித்தார்.

"மாமா, புகார் அப்புறம் குடுக்கலாம். நான் முதல்ல போய் அவர்கிட்ட பேசிப் பார்க்கட்டுமா? ஆரம்பிச்சது நான்தானே?"

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "போய்த்தான் பாரேன்," என்றாள் சித்தி.

செல்போன் கடை அண்ணன் ஒரு போனைப் பிரித்துப்போட்டு, மூக்கு உரச வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி வாசலில் நின்றாள். வாலு உள்ளே போனாள்.

"அண்ணே, கண்ணாடி மாத்த எவ்வளவு கூலி?"

"முந்நூறு."

"மாத்திக்கிட்டு ஒருத்தர் காசு குடுக்காம போயிட்டா?"

"விடுவேனா? சட்டையைப் பிடிச்சுட மாட்டேன்?"

"எங்க சித்தி உங்க சட்டையைப் பிடிக்கலையே அண்ணே."

அண்ணன் நிமிர்ந்தார். வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தார். "யாரு இவங்க?"

"பொத்தான் பாட்டு இவங்க பாட்டுதான். பதிவு பண்ணின கடன் இன்னும் தீரல."

அண்ணன் கையிலிருந்த திருப்புளி மேசையில் உருண்டது. "ஐயோ, எனக்கு அது யாரோ ஊர் பேர் தெரியாதவங்க பாடினதுன்னு... எல்லாரும் பண்றதுதானேன்னு நானும் ஏத்தினேன்."

"ஜெயில் இருக்காம் அண்ணே. கம்ப்யூட்டரையும் தூக்கிடுவாங்களாம். ரெக்கார்டிங் மாமா சொன்னாரு," என்றாள் வாலு. பிறகு அவசரமாக, "ஆனா நாங்க புகார் குடுக்க வரல. நீங்களே வித்துத் தரீங்களான்னு கேக்க வந்தோம்," என்றாள்.

"விக்கவா?"

"பாட்டு இருபது ரூபா. உங்களுக்கு அஞ்சு, சித்திக்குப் பதினஞ்சு."

அண்ணன் சித்தியைப் பார்த்துக் கை கூப்பினார். "இந்தப் பொண்ணுகிட்ட பேரம் பேசி ஜெயிக்க முடியாது. எழுதி மாட்டிடறேன்க்கா."

போர்டை வாலுவே எழுதினாள். "பொத்தான் பாட்டு. தும்மல் இல்லாத நல்ல பிரதி. இருபது ரூபாய். பாடினவருக்குப் போய்ச் சேரும்."

ஒரு வாரம் ஆனது. நான்கு பேர்தான் வாங்கினார்கள்.

ஐந்தாவதாகச் சலூன்காரர் வந்தார். போர்டைப் படித்துவிட்டு, "அட, காசு குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்றார். "ஆனா தும்மலை ஏன் எடுத்தீங்க? அதுக்காகத்தானே பொடிசுங்க ஆடாம உக்காருதுங்க? தும்மல் இருக்கிறதைக் குடு."

வாலு ரெக்கார்டிங் மாமாவிடம் ஓடினாள். விஷயத்தைக் கேட்டு மாமா மறுபடி தலையில் கை வைத்துக்கொண்டார். "எடுக்க ஒரு நாள். இப்போ வைக்க ஒரு நாளா!" என்று முனகிக்கொண்டே வைத்துக் கொடுத்தார்.

வாலு போர்டில் "இல்லாத" என்பதை அடித்துவிட்டு "இருக்கிற" என்று எழுதினாள். அதற்குப் பிறகுதான் பாட்டு விற்றது. காய்கறி வண்டிக்காரர் வந்தார். பால் வேன்காரர் வந்து, "நான் முன்னாடியே ஓசியில கேட்டுட்டேன். அதுக்கும் சேர்த்து," என்று இரண்டு பாட்டுக்கான காசைக் கொடுத்தார். நெட்டையின் அப்பா தன் சிநேகிதர்களையே வரிசையாக அழைத்து வந்தார். "மாமா மேல தப்பு இல்ல, நான்தான் அனுப்பினேன்," என்று வாலு எல்லாரிடமும் வெட்கப்படாமல் சொன்னாள். அந்த இரண்டு பாட்டுக் குழுவும் ரெக்கார்டிங் அறைக்கு வந்து சேர்ந்தது.

சித்தி வீட்டில் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள். இந்த முறை குக்கரைப் பற்றி ஏதோ ஒரு பாட்டு.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, சித்தியும் வாலுவும் ரெக்கார்டிங் அறைக்குப் போனார்கள். மாமா நீல நோட்டைத் திறந்து கூட்டினார்.

"முதல்ல ஐந்நூறு வந்துச்சு. கடையில முந்நூத்தி எண்பது பாட்டு, பதினஞ்சு வீதம் ஐயாயிரத்து எழுநூறு. இன்னும் இருநூத்தைம்பதுதான் பாக்கிக்கா."

சித்தி தன் சம்பளக் கவரிலிருந்து இருநூற்றைம்பதை எண்ணி எடுத்தாள். மாமாவிடம் நீட்டப்போனவள், என்ன நினைத்தாளோ, அதை வாலுவின் கையில் வைத்தாள்.

"எனக்கு எதுக்கு சித்தி?"

"பாடினவங்களுக்குக் காசு குடுக்கணும்னு ஊருக்கே தெரியற மாதிரி போர்டு எழுதி மாட்டியாச்சு. உன்னைப் பாட வெச்சுட்டு நான் உனக்குக் கூலியே குடுக்கலையே! மாமா பாக்கியை அடுத்த மாசம் குடுத்துக்கறேன்."

வாலு பணத்தைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் சம்பாதித்த முதல் பணம். கலர் பென்சில் பெட்டி ஒன்று வாங்கலாம். மீதியில் நெட்டைக்கும் ஏதாவது வாங்கலாம். நோட்டுகளை ஒருமுறை முகர்ந்துகூடப் பார்த்தாள்.

பிறகு, வேலையில்லாமல் மைக்கைத் துடைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாளை நினைத்துக்கொண்டாள்.

"இந்தாங்க மாமா. எண்ணிக்குங்க."

மாமா சித்தியைப் பார்த்தார். சித்தி பஞ்சு ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர்களிடம் வாங்குவதுபோலவே இரண்டு முறை எண்ணி, மேசை டிராயரில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"யாரு குடுத்ததுன்னு எழுதட்டும்?"

வாலு கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். "பாடகின்னு எழுதுங்க."

மாமா நிறுத்தி நிதானமாக எழுதினார்: "பாடகி கொடுத்தது ரூபாய் இருநூற்றைம்பது. பாக்கி ஒன்றுமில்லை."