குயில் இருந்த இடத்தில் குதிரை

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு வாரமாக மணி நாலேகால்தான். காலையில் பல் தேய்க்கும்போதும் நாலேகால், பாடம் படிக்கும்போதும் நாலேகால். சுவர்க் கடிகாரம் ஒரேயடியாக நின்றுபோயிருந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கணும்" என்றார் அம்மா. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டு முறை துடைத்து, மூன்று முறை பார்த்துத்தான் வாங்குவார்.

"புதுசு எதுக்கும்மா? இதைப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள் மகள்.

அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பால் ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். கேள்வியைப் பாதி படித்ததுமே பதிலை எழுதிவிடுவாள். அதனால் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வந்தது. அவ்வளவு நீளமாகக் கூப்பிட அண்ணனுக்குச் சோம்பல். அதைச் சுருக்கிக் 'குடுக்கை' ஆக்கிவிட்டான்.

பழைய பொருள்கள் விற்கும் பக்கத்தில் அவள் கண்டுபிடித்தது ஒரு குயில் கடிகாரம். பார்க்கச் சின்ன மரவீடு மாதிரி இருந்தது. மணிக்கு ஒரு முறை மேலே குட்டிக் கதவு திறக்கும். ஒரு மரக்குயில் வெளியே வந்து கூவிவிட்டு உள்ளே போகும். விற்பவர் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'நான் சலூன் வைத்திருக்கிறேன். குயில் கூவும்போதெல்லாம் முடிவெட்ட உட்கார்ந்தவர்கள் தலையைத் திருப்பிவிடுகிறார்கள். அவர்களுடைய காதுகளின் நலன் கருதி விற்கிறேன்.'

இவ்வளவு உண்மை பேசுகிறவர் ஏமாற்ற மாட்டார் என்று குடுக்கைக்குத் தோன்றியது. அம்மா தயங்கினார்.

"நல்லா இருக்கும்மா. நான் பொறுப்பு" என்றாள் அவள். அந்தச் சொல்தான் பிறகு அவளைப் படாத பாடு படுத்தியது.

வியாழக்கிழமை மாலை பொட்டலம் வந்தது. அம்மாவும் அண்ணனும் வந்திருக்கவில்லை. எந்தப் பொட்டலமானாலும் எல்லாரும் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். குடுக்கை சரியாக நான்கு நிமிடம் பொறுத்தாள். பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். கடகடவென்றது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை, கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

உள்ளே கடிகாரம் இருந்தது. அதன் குட்டிக் கதவு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கதவுக்குப் பின்னால் வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது. குயிலைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். பொத்தென்று விழுந்தது ஒரு மரக்குதிரை. முழுக் குதிரைகூட இல்லை. கழுத்தும் தலையும் மட்டும், கட்டைவிரல் உயரம்.

குடுக்கை திருதிருவென்று முழித்தாள். வேண்டியது குயில், வந்தது குதிரை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது.

அண்ணன் வந்ததும் குதிரையைக் கையில் வாங்கி, அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைப் பார்த்தான். இது செஸ் விளையாடுகிற குதிரை என்றான். பிறகு அதை ஒரு நூலால் கம்பியில் கட்டி, முள்ளை ஆறு மணிக்குத் தள்ளினான். தொங்கிய கதவை இடித்துக்கொண்டு வெளியே வந்தது குதிரை. ஆறு முறை குனிந்து குனிந்து 'கூக்கூ' என்றது. அண்ணன் தரையில் உருண்டு சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

"பிரிக்கும்போது கீழே போட்டியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"அவசரத்துல இழுத்தியா?"

"இல்லம்மா. கதவு அப்படியேதான் வந்துச்சு."

அம்மா கத்தரிக்கோலை எடுத்து உயரத்தில் வைத்தார். திட்டவில்லை. ஆனால் நம்பவும் இல்லை என்பது குடுக்கைக்குத் தெரிந்தது. அதற்குத் திட்டே தேவலை என்று இருந்தது.

அம்மா படம் எடுத்துச் சலூன்காரருக்கு அனுப்பினார். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. தான் அனுப்பும்போது கதவும் நன்றாக இருந்தது, குயிலும் இருந்தது, குதிரை எதையும் தான் வளர்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். கட்டி முடித்ததும் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பினார். அதில் இருந்தது நீலநிறப் பெட்டி, தலைமுடி உலர்த்தும் எந்திரம் வந்த பெட்டியாம். இங்கே வந்ததோ பழுப்புநிறப் பெட்டி.

'அது என் பெட்டியே இல்லை. பெட்டியை மாற்றி என்ன விளையாட்டு விளையாடுகிறீர்கள்?' என்று கேட்டிருந்தார் அவர். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'குழந்தைகள் கையில் கொடுத்தீர்களா?'

அந்த வரியைக் குடுக்கை இரண்டு முறை படித்தாள்.

அவர் வேறு ஏதோ பெட்டியைப் படமெடுத்து அனுப்பி ஏமாற்றுகிறார் என்றார் அம்மா. அவரோ நம்மை ஏமாற்றுக்காரர்கள் என்கிறார் என்றான் அண்ணன். கைப்பேசியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. பச்சையை அழுத்தினால் 'பொருள் நல்லபடி வந்தது' என்று பொருள். சிவப்பை அழுத்தினால் 'விற்றவர் சேதமான பொருளை அனுப்பினார்' என்று ஆகிவிடும், சலூன்காரரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒன்றை அழுத்தியாக வேண்டும். அழுத்தாவிட்டால் தானாகவே பச்சை.

'எனக்கு ஒன்றுமே புரியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்திருக்கலாம் என்று குடுக்கைக்குத் தோன்றியது. அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அம்மா பொய் சொல்ல மாட்டார். சலூன்காரரும் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. தானும் சொல்லவில்லை. அப்படியென்றால் குயில் எங்கே?

வெள்ளிக்கிழமை வகுப்பில் கணக்கு நோட்டின் ஓரம் முழுக்கக் குதிரைத் தலைகளாக வரைந்தாள். யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியது. தான்தான் உடைத்துவிட்டோமோ என்றே சந்தேகம் வந்துவிட்டது. மாலையில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லல. பிரிக்கறதுக்கு முன்னாடி பெட்டிய ஆட்டினேன். ரொம்ப ஆட்டினேன். அதுலதான் உடைஞ்சிருக்குமோ?"

அம்மா பதில் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "ஆட்டினா கதவு உடையலாம். குதிரை முளைக்காது."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் குடுக்கை அதைப் பிடித்துக்கொண்டாள். குதிரை முளைக்கவில்லை என்றால் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அந்த எங்கேயோ இருக்கிறவர் இப்போது ஒரு குதிரை இல்லாமல் அல்லவா செஸ் விளையாடிக்கொண்டிருப்பார்?

"பாவம்மா அவங்க. இதைத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

"முதல்ல உன் குயிலைத் தேடு. அப்புறம் ஊரான் குதிரையைக் கவனிக்கலாம்" என்றான் அண்ணன்.

அவள் கேட்கவில்லை. பெட்டியைக் குப்பையில் போடச் சொல்லி அம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார். நல்லவேளை, சொன்ன வேலையை உடனே செய்யும் பழக்கம் குடுக்கைக்கு இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்ததை இழுத்து, குதிரைக்காரரின் விலாசம் எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எங்கும் இல்லை. இவர்கள் வீட்டு விலாசச் சீட்டு மட்டும்தான் இருந்தது.

அந்தச் சீட்டைத் தடவியபோது விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வெறும் காகிதம் இவ்வளவு தடிமனாக இருக்காதே? வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படாமல், ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மெல்ல மெல்லப் பிரித்தாள். சீட்டு ஒரு அட்டைத் துண்டோடு சேர்ந்து வந்தது. அட்டையின் விளிம்பு நீலமாக இருந்தது.

"அம்மா, நீலம்" என்றாள். அட்டையை உயர்த்திக் காட்டினாள்.

அம்மா சலூன்காரர் அனுப்பிய படத்தையும் அட்டைத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே நீலம். யாரோ நீலப் பெட்டியிலிருந்து விலாசத்தை மட்டும் வெட்டியெடுத்து, பழுப்புப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள்.

"அப்போ அவரும் பொய் சொல்லல" என்றார் அம்மா மெதுவாக.

மறுநாள் காலை அம்மாவும் குடுக்கையும் பொட்டல அலுவலகத்துக்குப் போனார்கள். முகப்பில் இருந்த அலுவலர் அட்டையைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார். பின்பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கைவளையல் மாதிரி மணிக்கட்டில் ஒட்டுநாடா உருளை மாட்டியிருந்தது.

அந்த அக்கா குதிரையைப் பார்த்தார், உடைந்த கதவின் படத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. புதன்கிழமை ஒரு அலமாரியின் கால் முறிந்து பெட்டிகள் சரிந்து விழுந்தனவாம். இரண்டு பெட்டிகள் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் தரையில் சிதறிவிட்டதாம். அவர்தான் பொறுக்கியெடுத்து வேறு பெட்டிகளில் கட்டினாராம். 'பெட்டி மாற்றப்பட்டது' என்று ஒட்டுகிற சீட்டு அன்றைக்குப் பார்த்துத் தீர்ந்துபோயிருந்ததாம்.

"இன்னொரு பெட்டியில செஸ் இருந்துச்சா?" என்று கேட்டாள் குடுக்கை.

"ஆமா. ஒரு சின்னப் பறவையும் கிடந்துச்சு. நான் செஸ் விளையாடினதில்லம்மா. அதுல யானை இருக்கு, குதிரை இருக்கு. பறவையும் இருக்கும்னு நினைச்சு அதோட போட்டுட்டேன். ஒரு குதிரை மட்டும் தனியா உருண்டு கடிகாரத்துக்கிட்ட கிடந்துச்சு. கடிகாரத்துலேர்ந்து என்னென்னமோ வெளிய வருமாமே, இது குதிரை போலன்னு நினைச்சேன்."

இரண்டு நாளாக முடிச்சுப் போட்டுக்கிடந்தது ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது. குடுக்கைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அக்காவின் விரல்கள் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"மேலதிகாரிக்குப் புகார் எழுதிக் குடுக்கப் போறீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார் அந்த அக்கா.

அம்மா யோசித்தார். குடுக்கை அவர் காதில் ஏதோ சொன்னாள். பிறகு அம்மா, புகார் எதுவும் எழுதப்போவதில்லை, நீங்கள் எங்களுக்காக இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் போதும் என்றார். நடந்ததை அந்த அக்கா அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனிமேல் சீட்டு தீர்ந்துபோனால் பேனாவால் பெட்டி மேலேயே எழுதிவிடலாமே என்று குடுக்கை சொன்னதற்கு, இது எனக்குத் தோணவே இல்லையே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

செஸ் போன வீட்டின் விலாசத்தைத் தரக்கூடாது என்பது அலுவலகத்தின் விதி. அதனால் முகப்பில் இருந்தவரே அவர்களுக்குத் தொலைபேசியில் பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று சிரித்துவிட்டார்.

"அடுத்த தெரு ரொட்டிக்கடைதான். அடுப்பை விட்டு வர முடியாதாம், உங்களை வரச் சொல்றார்."

ரொட்டிக்கடையில் மாவு படிந்த மேசை மேல் செஸ் பலகை விரித்திருந்தது. ஒரு பக்கம் ரொட்டிக்கடைக்காரர், எதிரே அவருடைய மாமனார். வெள்ளைக் காய்களின் நடுவே, ராணிக்கு இரண்டு கட்டம் தள்ளி, கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது குயில்.

செஸ் விற்ற பெண்ணோடு தானும் இரண்டு நாளாகச் சண்டை போடுவதாக ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லை. குதிரையை மேசை மேல் வைத்ததும் மாமனார்தான் முதலில் பாய்ந்து எடுத்தார்.

"நல்லவேளை வந்தீங்க. குயில் எப்படி நகரும்னு கேட்டா, அது பறக்கும் மாமா, எங்க வேணும்னாலும் போகும்னு சொல்றார் மாப்பிள்ளை. மூணு ஆட்டம் தோத்துட்டேன்" என்றார்.

மாப்பிள்ளை குயிலை மனசே இல்லாமல் குடுக்கையின் கையில் கொடுத்தார். வழிக்கு என்று சூடாக இரண்டு ரொட்டியும் கொடுத்தார்.

மாலையில் அம்மா கடையிலிருந்து கொண்டுவந்த குட்டித் திருகாணிகளை எடுத்தார். மூக்குக்கண்ணாடிக் காம்பைப் பொருத்துகிற திருகாணிகள் அவை. இரண்டு கதவுக்கு, ஒன்று குயிலுக்கு. அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டான். இதற்குள் அந்த அக்கா எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் சலூன்காரர் பதில் அனுப்பியிருந்தார்.

'கோபத்தில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். என்றாவது இந்தப் பக்கம் வந்தால் நானே முடி வெட்டிவிடுகிறேன். காதுகளுக்கு நான் பொறுப்பு.'

ஆறு மணிக்குக் குட்டிக் கதவு திறந்தது. குயில் வெளியே வந்து ஆறு முறை கூவியது. அதன் அலகில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை. அழுத்தாவிட்டாலும் தானாகவே பச்சை ஆகியிருக்கும்தான். ஆனாலும் அம்மா ஒரு நிமிடம் முன்னதாகவே அதை அழுத்தியிருந்தார்.

அம்மா குடுக்கையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நீ இல்லைன்னு சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்" என்றார். குடுக்கை கொஞ்சம் அழுதாள். பிறகு மீதி ரொட்டி எங்கே என்று கேட்டாள். அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு இன்னொரு பொட்டலம் வந்தது. அண்ணன் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. அம்மா கத்தரிக்கோலைக் குடுக்கையிடம் நீட்டினார்.

"இந்தா, நீயே பிரி."

குடுக்கை பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். விலாசச் சீட்டை விரலால் தடவினாள். காதோரம் தூக்கப்போனவள் கையை இறக்கிக்கொண்டாள்.

"இருங்கம்மா, எல்லாரும் வரட்டும்" என்றாள்.