ரீஃபண்ட் இல்லாத மரணம்

போன் அடித்தது.

நர்ஸ் ஒரு கையுறையை மட்டும் உருவிவிட்டு எடுத்தாள்.

"முடிஞ்சுதாக்கா?"

செத்துப்போன தங்கையின் கணவன். குரலில் அவசரம்.

"இன்னும் இல்ல மாப்பிள்ளை. மூச்சு ஓடிட்டுத்தான் இருக்கு."

"அதை நிறுத்தறது உங்க கையிலதானே இருக்கு."

அவள் உருவிய கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"தினம் எத்தனையோ பேர் போறாங்க. அதுல இவனும் ஒருத்தன். எவன் வந்து கேக்கப் போறான்? நம்ம பாப்பா அந்தக் கேபின்ல எப்படித் துடிச்சிருப்பான்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க. கை தானா போகும்."

பாப்பா. கல்யாணம் ஆன பிறகும் தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர்.

நர்ஸ் போனை வைத்தாள். புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்த இடம் ஆஸ்பத்திரி இல்லை. ஓட்டல். நோய் ஊரை வளைத்த பிறகு சுற்றுலாக்காரர்கள் நின்று போனார்கள்; நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். அறைகளின் குட்டி ஃப்ரிட்ஜில் சாக்லேட் இருந்த இடத்தில் ஊசி மருந்து. கதவுக் கைப்பிடிகளில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை இன்னும் தொங்கியது. உள்ளே இருப்பவர்களோ, யாராவது வந்து தொந்தரவு செய்ய மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தார்கள்.

நோயாளிகள் தப்பி ஓடிவிடாமல் இருக்க வாசலில் ஒரு பெண் எஸ்.ஐ. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"திருடனைப் பிடிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். இருமலைப் பிடிக்க வெச்சுட்டாங்க" என்று தினமும் நர்ஸிடம் புலம்புவாள்.

மாடியில் கடைசி அறை.

அதில்தான் இருந்தான்... டிராவல்ஸ்காரன்.

கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போடுகிறவன். இரண்டு நாளுக்கு முன் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கினான். முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்து "தண்ணி" என்று கேட்டபோது, அவள் கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் உருண்டது.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

போன வருடம். நோய் பரவுகிறது என்று டி.வி.யில் சொல்லத் தொடங்கிய நேரம். பாப்பாவும் அவள் கணவனும் கப்பலில் போக டிக்கெட் போட்டிருந்தார்கள். பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள்.

"போகலாமா வேண்டாமான்னு மண்டை காயுதுக்கா. கேன்சல் பண்ணா பணம் போச்சு. போனா பயம். பக்கத்து வீட்டுக்காரங்க அடுத்த வருஷத்துக்கு மாத்திக்கிட்டாங்க. இவர் என்னடான்னா பிடிச்ச பிடியில நிக்கிறார்."

நர்ஸே டிராவல்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பணம் திரும்பக் கிடைக்குமா?

"ஒரு பைசா வராது மேடம்" என்றது அந்தக் குரல். "கப்பல்ல போனா கடல் காத்து வாங்கலாம். கேன்சல் பண்ணா உங்க பர்ஸ் காத்து வாங்கும். அவ்ளோதான் வித்தியாசம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கப்பல் கிளம்பிய மறுநாளே உள்ளே காய்ச்சல் பரவியது. எல்லோரையும் அவரவர் கேபினில் அடைத்தார்கள். எந்தத் துறைமுகமும் கப்பலைச் சேர்க்கவில்லை.

பாப்பா திரும்பவில்லை.

மாப்பிள்ளை மட்டும் வந்து இறங்கினான். நர்ஸின் வீட்டு வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"என் மடியிலதான்க்கா உயிர் போச்சு. கடைசிவரைக்கும் கையை விடல நான்."

அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை. இப்போது அந்தச் சிரிப்பின் சொந்தக்காரன் அவள் பொறுப்பில் படுத்திருக்கிறான். விஷயத்தை மாப்பிள்ளையிடம் சொன்னதும் அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

சிலிண்டரில் ஒரு திருகு. அவ்வளவுதான்.

நர்ஸ் கதவைத் திறந்தாள்.

டிராவல்ஸ்காரன் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழுத்துக்குத் தள்ளிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தான். வார்த்தைக்கு வார்த்தை இளைத்தது.

"ஐயா... அவசரப்பட்டு ரீஃபண்ட் கேக்காதீங்க... அடுத்த சீசனுக்கு மாத்திடுங்க... பால்கனி வெச்ச ரூமாப் போட்டுத் தர்றேன்... அம்மாவுக்கு முட்டி வலின்னா லிஃப்ட் பக்கத்துலயே... என்னது? நோய் அதுக்குள்ள போயிடுமாவா? கண்டிப்பாப் போயிடும்... நானே போயிட்டு இருக்கேன், அது போகாதா?"

போனை வைத்துவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு திணறினான்.

"வியாபாரம் நல்லா நடக்குதா சார்?"

"எங்க சிஸ்டர்... பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் குடுங்கறான். மீதிப் பேர் போலாமா வேண்டாமான்னு என் உசுரை எடுக்கறான்."

"அதுக்கு நான் இருக்கேன்."

அவன் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். அதே சிரிப்பு.

நர்ஸ் கட்டிலைச் சுற்றி வந்தாள். சிலிண்டரின் திருகில் கை வைத்தாள். பாதி திருகினாள்.

சீறல் குறைந்தது.

"சிஸ்டர்... காத்து... கம்மியா வருது..."

"தெரியும்."

முகத்தை மூடியிருந்த கண்ணாடித் தடுப்பை மேலே தூக்கினாள்.

"போன வருஷம் ஒருத்தி உங்களுக்குப் போன் பண்ணா. தங்கச்சிக்கு இழுப்பு இருக்கு, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிக் குடுங்கன்னு கெஞ்சினா. பர்ஸ் காத்து வாங்கும்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவன் கண்கள் அகன்றன.

"நீங்க... அந்தப் பொண்ணோட அக்காவா?"

"ஆமா. யார் கையால சாகறோம்னு தெரிஞ்சுட்டே சாகணும். அதுக்காகத்தான் தூங்கறப்ப வராம, முழிச்சிருக்கறப்ப வந்தேன்."

"நான்... நான் கொல்லல..."

"கேன்சல் பண்ணியிருந்தா அவ இருந்திருப்பா."

"பண்றேன்னுதான் சொன்னேன்..." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். முடியவில்லை. "கம்பெனி முழுப் பணமும் தர்றேன்னுச்சு... முந்தின பயணத்துலயே காய்ச்சல் இருந்துச்சுன்னு எங்களுக்குத் தகவல் வந்துச்சு... உங்க மாப்பிள்ளைகிட்ட நானே போன் போட்டுச் சொன்னேன்..."

நர்ஸின் கை நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"போகாதீங்க, பணத்தை வாங்கிக்கங்கன்னு... அவர் ரீஃபண்ட் வேண்டாம்னுட்டார். அதுக்குப் பதிலா இன்னொரு கேபின் போடுங்கன்னார்... அவருக்கு மட்டும் தனியா... வேற தளத்துல."

அவள் திருகிலிருந்து கையை எடுக்காமல் அவன் பக்கம் குனிந்தாள்.

"அவர் வீட்டுலருந்து யார் கேட்டாலும் பணம் வராதுன்னு சொல்லணும்னார்... கைல கொஞ்சம் வெச்சார்... சொன்னேன்."

"பொய். உசுருக்குப் பயந்து வாய்க்கு வந்ததை அடிச்சு விடறீங்க. அவ அவர் மடியில செத்தா."

"மடியிலயா?" டிராவல்ஸ்காரன் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி இன்னொரு போனை எடுத்தான். பழைய போன். எதையோ தேடி அழுத்தினான்.

பாப்பாவின் குரல் வந்தது.

"அண்ணா... என் இன்ஹேலர் அவர் பையில மாட்டிக்கிச்சு... அவர் கீழ் தளத்துல இருக்கார்... போன் எடுக்க மாட்டேங்கிறார்... ரிசப்ஷன்லயும் எடுக்க ஆளில்ல... வெளியில வந்தா உள்ள போ, உள்ள போன்னு விரட்டறாங்க... நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கண்ணா... அக்காவுக்குத் தெரிய வேண்டாம்... பயந்துருவா..."

நடுவில் ஒரு இழுப்பு. அந்த இழுப்பை நர்ஸ் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறாள்.

சுவரில் சாய்ந்தாள். கவச உடைக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

"நீங்க அவருக்குச் சொன்னீங்களா?"

"உடனே போட்டேன். அவ சும்மா நடிப்பா, நான் பாத்துக்கறேன், நீங்க வாயைத் திறக்காதீங்கன்னார்."

"நீங்களும் திறக்கல."

"...திறக்கல."

"இதை ஏன் இத்தனை நாள் வெச்சிருக்கீங்க?"

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பப்ப அவர்கிட்ட... உதவி கேப்பேன்."

"ஓ. அதுக்கு உதவின்னு பேரா?"

இப்போது அவளுக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. மாப்பிள்ளைக்கு வேண்டியது பழியும் இல்லை, பாப்பாவுக்கு நியாயமும் இல்லை. இவன் வாய் மூட வேண்டும். அதற்குக் கூலி வாங்காத ஆள் ஒருத்தி கிடைத்தாள்.

"சிஸ்டர்... இன்னொண்ணு." அவன் குரல் தேய்ந்தது. "அடுத்த சீசனுக்கு அவர் புக் பண்ணியிருக்கார். எங்ககிட்டதான். ரெண்டு பேருக்கு... ஹனிமூன் பேக்கேஜ்."

நர்ஸ் திருகை முழுதாகத் திறந்துவிட்டாள். காற்று பீறிட்டது.

"உங்களை விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க" என்றாள், அவன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே. "என் தங்கச்சி மூச்சுக்குக் கெஞ்சினதை வெச்சு வியாபாரம் பண்ண ஆளு நீங்க. உங்களைப் பொழைக்க வெப்பேன். ராத்திரி பகல் பாக்காம உக்காந்து பொழைக்க வெப்பேன். கூண்டுல ஏறி இதை அப்படியே சொல்லணும்ல."

பழைய போனை எடுத்துக்கொண்டு லிஃப்டில் கீழே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தாள். டிராவல்ஸ்காரனைச் சிலிண்டரோடு பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"முடிஞ்சுது."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"நல்ல காரியம் பண்ணீங்கக்கா. பாப்பா ஆத்மா சாந்தியாகும். அக்கா... அவன் போன் எங்க இருக்கு?"

முதல் கேள்வியே அதுதான்.

"அவன் சாமான் எதையும் நான் தொடல. பொணத்தை மூடிக் கட்டியாச்சு. வண்டி இப்ப வந்துரும்."

"நான் வர்றேன். வர்ற வரைக்கும் அனுப்பிடாதீங்க. வாசல்ல போலீஸ்காரி இருப்பாளே?"

"நாற்காலி காலியாத்தான் இருக்கு. நீங்க சமையலறைப் பக்கம் வாங்க. அங்க ஒரு கவச உடை தொங்கும், மாட்டிக்கிட்டு மேல வந்துருங்க."

வந்தான். மூச்சிரைக்க வந்தான். வெள்ளை உடைக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. கட்டிலின் மேல் கறுப்புப் பை. தலையிலிருந்து கால்வரை ஜிப் போட்டு மூடியிருந்தது.

அவன் பையைப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தான். தலையணையைப் புரட்டினான். அலமாரியைக் குடைந்தான்.

"எதுக்கு மாப்பிள்ளை அவன் போனு?"

"பாப்பா போட்டோ ஏதாச்சும் இருக்கும்க்கா. கண்டவன் கையில போகக் கூடாதுல்ல."

"போட்டோவா? குரலா?"

அவன் கை அலமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன சொல்றீங்க?"

"சாகறதுக்கு முன்னாடி பேசினான் மாப்பிள்ளை. தனிக் கேபினைப் பத்தி. இன்ஹேலரைப் பத்தி."

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பினான். மாஸ்க்கைக் கீழே இறக்கினான். அழுது பழகிய அந்த முகத்தில் அழுகை இல்லை. ஒருவித அலுப்புதான் இருந்தது.

"ஆமா. என் பையிலதான் இருந்துச்சு. போன் அடிச்சுட்டே இருந்துச்சு, எடுக்கல. அதுக்கு இப்ப என்ன பண்ணப் போறீங்க? போலீசுக்குப் போவீங்களா?"

"போகக் கூடாதா?"

"தாராளமாப் போங்க. நான் எடுக்காதது ஒரு போன். நீங்க எடுத்தது ஒரு உசுரு. அந்தா கிடக்கு பாருங்க. நர்ஸே நோயாளியைக் கொன்னான்னா யாரைத் தூக்குல போடுவான்? வாயை மூடிட்டு இருந்தீங்கன்னா நான் உங்களைக் காப்பாத்துவேன். உங்க குடுமி என் கையில, என் குடுமி உங்க கையில."

"அவ உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணா மாப்பிள்ளை?"

"ஒண்ணும் பண்ணல. அதான் விவாகரத்துக்குக் காரணம் கிடைக்கல" என்றான், வானிலையைச் சொல்வதுபோல. "போன் பைக்குள்ள இருக்கா?"

"இருக்கும். தொற்று பட்ட பொருளைக் கூடவே போட்டுக் கட்டிருவோம்."

"எல்லாத்தையும் நானே பண்ணணும்."

குனிந்தான். ஜிப்பைப் பிடித்தான். கழுத்துவரை இழுத்தான்.

உள்ளேயிருந்து ஒரு கை வந்தது.

அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

மாப்பிள்ளை அலறியதில் பக்கத்து அறை டிராவல்ஸ்காரன் மாஸ்க்குக்குள் இருமினான்.

பை எழுந்து உட்கார்ந்தது. ஜிப்பை இடுப்புவரை இறக்கிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட வாசல் எஸ்.ஐ. அவனைப் பார்த்தாள். இன்னொரு கையில் பழைய போன் இருந்தது.

"இதைத்தானே தேடறீங்க?" என்றாள். "பேசினதெல்லாம் இதுலயே பதிவாயிருக்கு. உங்க சம்சாரம் பேசினது, அதுக்குக் கீழயே நீங்க பேசினது. உள்ள ஒரே புழுக்கம் சார். இன்னும் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருந்தா நிஜமாவே பொணமாகியிருப்பேன்."

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். வெளியே இரண்டு காக்கிச் சட்டைகள் நின்றன.

"அக்கா..." என்றான். பழைய அழுகைக் குரல் அதற்குள் திரும்பி வந்திருந்தது. "நான் பாப்பா புருஷன்க்கா..."

நர்ஸ் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அறைய வேண்டும் என்று கை பரபரத்தது. அறையவில்லை. மேசைக்குப் போனாள். ஒரு உறையைக் கிழித்தாள்.

எஸ்.ஐ. பையிலிருந்து காலை விடுவித்துக்கொண்டு விலங்கை எடுத்தாள்.

"கையை நீட்டுங்க."

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று நர்ஸ் நடுவில் வந்து நின்றாள். பரிசோதனைக் குச்சி அவள் விரல்களுக்கிடையில் நீளமாக நின்றது. "மாஸ்க்கை இறக்கிட்டு நோயாளி ரூம்ல நின்னிருக்கார். டெஸ்ட் எடுக்காம ஜெயில்ல சேர்க்க மாட்டாங்க."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"கையை அப்புறம் நீட்டலாம் மாப்பிள்ளை. முதல்ல மூக்கைக் காட்டுங்க... கொஞ்சம் ஆழமாத்தான் போகும்."